ஆட்டம் காண்பதற்கு முன்

மிதிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் காலுக்கடியில் 'டக்' என்று ஒரு சத்தம். உயரமான கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளை ஓட்டிப் பழகியவர்கள் யாரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு சேர்த்துப் பிடித்திருப்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்பு ஆப்பு. கடைகளில் அதைக் கோட்டர் பின் என்பார்கள். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய அந்த ஆப்பு, அச்சில் வெட்டியிருக்கும் தட்டையான இடத்தில் இறுகி உட்கார்ந்தால்தான் கிராங்கு அசையாமல் இருக்கும். அது கொஞ்சம் நெகிழ்ந்ததும் சத்தம் தொடங்கிவிடும்.

அப்போதே கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் வேலை ஐந்து நிமிடம். கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக்கொடுத்து, பின்னைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, பிறகு நட்டை முடுக்கிவிடுவார்கள். பின் நசுங்கியிருந்தால் புதிது போட வேண்டும். அதற்கும் பெரிய செலவில்லை. வீட்டில் இதைச் செய்து பார்க்கும் பலர் பின்னைத் தட்டாமல் நட்டை மட்டும் முறுக்குகிறார்கள். நட்டு இருப்பது பின் கழன்று விழாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே. பின்னை உள்ளே இழுத்து இறுக்கும் வலு அந்த மெல்லிய மரைக்குக் கிடையாது.

சத்தத்தைப் பொருட்படுத்தாமல் இன்னும் சில வாரங்கள் ஓட்டினால் கதை வேறு. பின் இடித்து இடித்துக் கிராங்கின் துளை அகன்றுவிடும். அச்சின் தட்டையான விளிம்பு மழுங்கிவிடும். அதற்குப் பிறகு எத்தனை புதுப் பின் போட்டாலும் நிற்காது. கிராங்கையும் அச்சையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

சைக்கிளில் அநேகமாக எல்லாப் பழுதுகளும் இந்த வழியில்தான் வளர்கின்றன. தேய்ந்த செயின் பல்சக்கரத்தைத் தின்கிறது. அச்சில் குண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கோன் தளர்ந்தால், சக்கரத்தின் நடுக்கூடான ஹப்பைத் தின்கிறது. காற்றுக் குறைந்த டயர் டியூபைக் கிழிக்கிறது. ஒரு பாகம் லேசாக ஆடத் தொடங்கும்போதே கண்டுபிடித்தால் அந்தப் பாகத்தோடு போய்விடும். விட்டுவைத்தால் பக்கத்துப் பாகத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த முதல் ஆட்டத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓட்டுகிறவரின் கை, கண், காது மூன்றும் போதும்.

ஆனால் ஓட்டுகிறவருக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை. சைக்கிளைக் கையில் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கிராமப் பெண்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காகவே ஆண்கள் ஓட்டும் சைக்கிளை விரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2001-02இல், பதினோராம் வகுப்பு படிக்கும் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் அந்த வகுப்பில் படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் அது விரிந்தது. இப்படி வீட்டின் முதல் வண்டியாகச் சைக்கிளைப் பெற்றவர்கள் பல லட்சம் பேர்.

ஓட்டக் கற்றுக்கொடுக்க அண்ணனோ தோழியோ பக்கத்து வீட்டு அக்காவோ கிடைத்துவிடுவார்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர ஓர் ஆள் போதும். செயினை எப்படிப் பார்ப்பது, பிரேக் கட்டை எப்போது தீர்ந்தது என்று தெரிந்துகொள்வதெல்லாம் தெருமுனைக் கடைக்காரரின் வேலை என்று விட்டுவிட்டோம். மணிக்கணக்குக்கு வாடகைச் சைக்கிள் விட்டு, மீதி நேரத்தில் பஞ்சர் ஒட்டி, வருடத்துக்கு ஒரு முறை ஓவராயில் செய்துகொடுத்த அந்தக் கடைகள் பல ஊர்களில் மூடப்பட்டுவிட்டன, அல்லது மோட்டார் சைக்கிள் பட்டறைகளாக மாறிவிட்டன. அந்தக் கடைக்காரரின் கைகளில் இருந்த அறிவில் ஒரு பங்காவது இப்போது ஓட்டுகிறவர்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது காற்று. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1888இல் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைப் பொருத்தினார். அன்றிலிருந்து சைக்கிள் காற்றின் மேல்தான் ஓடுகிறது. டியூபின் ரப்பர் வழியாகக் காற்று தானாகவே மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். முள்ளே ஏறாத சக்கரமும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் இப்படித்தான்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும். அகலமான மலைச் சைக்கிள் டயரில் 40 முதல் 65 பிஎஸ்ஐ என்று இருக்கலாம். மெலிந்த ரேஸ் டயரில் 100ஐத் தாண்டியிருக்கலாம். மெலிந்த டயருக்குத்தான் அழுத்தம் அதிகம் தேவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உள்ளே இடம் குறைவாக இருப்பதால், குழியில் இறங்கும்போது ரிம் தரையைத் தொடாமல் தாங்க அந்த அழுத்தம் தேவைப்படுகிறது. நம் ஊர்ச் சாதாரணச் சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு இருக்கும். காற்று உள்ளே போகலாம், வெளியே திரும்பாது. அதனால் அழுத்தமானியை வைத்து அளப்பதும் எளிதல்ல. கட்டைவிரலால் டயரின் பக்கவாட்டை அழுத்திப் பார்ப்பதுதான் வழி. பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, தரையைத் தொடும் இடத்தில் டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கேரியரில் தண்ணீர்க் குடமோ ஆளோ ஏறும் வண்டியென்றால், அந்தச் சுமையோடு பார்ப்பதே சரி. சுமையில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல் விழுவதால் பின் டயர் முன் டயரைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும்.

காற்று இறங்கியதும் டியூபைக் கழற்றப் பாய வேண்டியதில்லை. வால்வின் மூடியை எடுத்துவிட்டு ஒரு சொட்டு எச்சிலோ தண்ணீரோ வைத்தால், குமிழ் வருகிறதா என்று பார்த்துவிடலாம். குமிழ் வந்தால் குற்றம் வால்டியூபில்தான். அந்தச் சின்ன ரப்பர் குழல் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். பஞ்சர் என்று நினைத்துக் கடைக்குத் தள்ளிப் போகும் வண்டிகளில் கணிசமானவை வால்டியூப் மாற்றியதும் சரியாகிவிடுகின்றன.

உண்மையிலேயே பஞ்சர் என்றால், ஓட்டையின் உருவம் காரணத்தைச் சொல்லும். அக்கம்பக்கமாக இரண்டு சின்னக் கீறல்கள் இருந்தால், காற்றுக் குறைந்த டயரோடு கல்லின் மேலோ குழியின் விளிம்பிலோ ஏறியதில் ரிம்மின் இரண்டு ஓரங்களும் டியூபைக் கடித்திருக்கின்றன. ஒற்றைப் புள்ளியாக இருந்தால் முள் அல்லது ஆணி. தமிழ்நாட்டின் கிராமச் சாலைகளில் சீமைக் கருவேல முள்தான் முதல் எதிரி. அதன் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அடுத்த தெருவிலேயே மறுபடி காற்றுப் போகும். ஆகவே டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு துணியை வைத்துத் தடவ வேண்டும். முள் இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும்.

ஒட்டுவதில் பலர் தவறுவது அவசரத்தால். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, அதன் ஈரப் பளபளப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு பேட்சை வைத்து அழுத்தினால் பிடிக்கவே பிடிக்காது. டயரை ரிம்மில் ஏற்றும்போது கடைசி ஒரு சாண் எப்போதும் முரண்டு பிடிக்கும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் ஒட்டிய டியூபிலேயே புது ஓட்டை விழும். எதிர்ப்பக்கம் டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும், உள்ளங்கையாலேயே ஏற்றிவிடலாம்.

அடுத்தது பிரேக். லீவரை முழு வலுவோடு அழுத்தினாலும் அது ஹேண்டில்பாரை முட்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளினால் முன் சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். பின் பிரேக்கை அதேபோல் பிடித்துப் பின்னால் இழுத்தால் பின் சக்கரம் நிற்க வேண்டும். முழுச் சோதனைக்கும் அரை நிமிடம் ஆகாது.

முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற பயத்தில் பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். நிறுத்தும்போது உடம்பின் பாரம் முன்னால் சாய்வதால் முன் சக்கரம்தான் சாலையை அழுத்திப் பிடிக்கிறது. பின் சக்கரம் பாரம் குறைந்து வழுக்கத் தொடங்குகிறது. ஆகவே முன் பிரேக் செத்துக் கிடக்கும் வண்டி, பாதிக்கும் மேல் பிரேக் இல்லாத வண்டி. பள்ளிக்கூடத்துச் சைக்கிள் நிறுத்தத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் முன் லீவரை அழுத்திப் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், அந்த ஒரு காரியமே பெரிய உபகாரம்.

பிரேக் கட்டையில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். அவை மறைந்துவிட்டால் கட்டை முடிந்தது. கட்டை ரிம்மின் மேல்தான் படிய வேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். கீழே இறங்கி ஸ்போக்ஸ் பக்கம் போனால் ஆபத்து அதைவிடப் பெரிது. உலோகக் கூட்டுக்குள் செருகும் வகைக் கட்டைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூட்டின் மூடிய முனை, சக்கரம் சுழன்று போகும் திசையில் இருக்க வேண்டும். திறந்த முனை அந்தப் பக்கம் இருந்தால், அழுத்திப் பிடிக்கும்போது ரிம் கட்டையை இழுத்து வெளியே எறிந்துவிடும். கேபிள் பிரேக் என்றால் லீவருக்குள் நுழையும் இடத்தையும் கட்டைக்கு அருகே பிடித்திருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். கம்பியின் ஓர் இழை பிரிந்து விரலைக் குத்தினாலே கேபிளை மாற்றிவிடுவது நல்லது. டிஸ்க் பிரேக் வைத்தவர்கள் எண்ணெய்க் கையோடு அந்தத் தட்டைத் தொடவே கூடாது. செயினுக்குத் தெளித்த எண்ணெய் அதில் பட்டாலும் பிடி போய்விடும்.

செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைக்கிளில் அதிகம் தவறாகப் பராமரிக்கப்படுவது அதுதான்.

1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரும் அவருடைய குழுவினரும் சைக்கிள் செயின் எவ்வளவு ஆற்றலை வீணாக்குகிறது என்று அளந்தார்கள். மிகச் சிறந்த நிலையில், பெடலில் கொடுத்த ஆற்றலில் 98.6 சதவீதம் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மனிதன் செய்த இயந்திரங்களில் இவ்வளவு சிக்கனமானவை குறைவு. சுத்தமான ஆய்வுக்கூடத்தில் எந்த எண்ணெய் போட்டாலும் முடிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பது அந்தச் சோதனையின் இன்னொரு முடிவு. செயினின் மூட்டுகளுக்குள் தூசி புகாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதே எண்ணெயின் பெரிய உதவி என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

எண்ணெய் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே விடை. ஒவ்வொரு கண்ணியின் உருளைக்குள்ளும் அது இறங்க வேண்டும்; வெளித்தகட்டில் வழிந்து நிற்கக் கூடாது. வெளியே நிற்கும் எண்ணெய் மணலையும் புழுதியையும் பிடித்துக் கறுப்புச் சேறாக்கும். அந்தச் சேறு அரம் போல வேலை செய்து மூட்டுகளைத் தேய்க்கும். முதலில் பழந்துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அழுக்கைத் துடைக்க வேண்டும். கண்ணிகளுக்கு நடுவே பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு. சில நிமிடம் பொறுத்து, பெடலைச் சுற்றிவிட்டு, வெளியே இருப்பதை மறுபடி துடைத்துவிட வேண்டும். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டியாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, மெல்லியது என்பதால் அடிக்கடி போட வேண்டிவரும். சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெய் கிடைத்தால் நல்லது. டப்ள்யூடி-40 தெளிப்பானை எண்ணெய் என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு. ஈரத்தை விரட்டுவதற்கென்று 1953இல் உருவான கலவை அது. துருவை இளக்கவும் அழுக்கைக் கரைக்கவும் உதவும், உயவு நீடிக்காது. அதை அடித்துத் துடைத்த பிறகு முறையான எண்ணெய் விட்டாக வேண்டும்.

செயின் 'இழுத்துக்கொண்டது' என்கிறோம். எஃகு இழுபடுவதில்லை, ஒவ்வொரு மூட்டிலும் உள்ளிருக்கும் ஊசி துளிதுளியாகத் தேய்ந்து, எல்லாம் சேர்ந்து செயின் நீண்டுவிடுகிறது. இதை வீட்டிலேயே அளக்கலாம். உலகம் முழுக்கச் சைக்கிள் செயினில் ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஒரு இரும்பு டேப்பின் 1 அங்குலக் கோட்டில் ஓர் ஊசியின் நடுவை வைத்தால், அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணும் 24ஆவது ஊசியின் நடு 13ஆம் கோட்டில் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினோடு பல்சக்கரமும் ஃப்ரீவீலும் கெட்டிருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையான பற்களைப் பார்த்தாலே அது தெரியும். அந்தப் பற்களில் புதுச் செயினை மாட்டினால் ஏறிக் குதிக்கும்.

கியர் இல்லாத வண்டியில் செயினின் தொய்வும் முக்கியம். இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில் விரலால் தூக்கினால் சுமார் அரை அங்குலம் மேலும் கீழும் அசைய வேண்டும். பல்சக்கரம் கச்சிதமான வட்டமாக இருக்காது என்பதால் பெடலைச் சுற்றிச் சுற்றி, எங்கே மிக இறுக்கமோ அங்கே பார்க்க வேண்டும். பின் சக்கரத்தின் இரு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி முடுக்கினால் தொய்வு குறையும். முடுக்கும் முன் சக்கரம் இரு கம்பிகளுக்கும் நடுவே நேராக நிற்கிறதா என்று பின்னாலிருந்து பார்த்துக்கொள்வது அவசியம். பின் பிரேக்கையும் அதன் பிறகு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சக்கரம் நகர்ந்தால் கட்டை படியும் இடமும் நகர்ந்திருக்கும்.

இனி ஆட்டம் பார்க்கும் வேலை. முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால், ஹேண்டில்பாரின் கழுத்தில் 'கிளிக்' என்று உணரக் கூடாது. உணர்ந்தால் அங்கிருக்கும் பால்ரஸ் கிண்ணம் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தின் ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்தால் ஹப்பின் கோன் தளர்வு தெரியும். இரண்டு கிராங்குகளையும் பிடித்து அச்சோடு பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் நடு அச்சின் நிலை புரியும். கடைசியாக முன் சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் விட வேண்டும். தளர்ந்த மட்கார்டு, கேரியர், பெல் எல்லாம் அந்தக் குலுக்கலில் தாமாகவே குரல் கொடுக்கும்.

சாதாரண ரோட்ஸ்டரின் பின் ஹப்பில், பக்கத்துக்கு ஒன்பதாகக் கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். ஒன்று உடைந்தாலும் அதன் துணுக்குகள் கிண்ணத்தையும் கோனையும் கீறிவிடும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, சீட்டின் மேல் விரலை வைத்தால் உள்ளே நறநறப்பு இருப்பது விரலில் தெரியும். குண்டு மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் முழுச் செட்டையும் மாற்றச் சொல்வது நல்லது. புதியது பழையதைவிட இம்மி பெரிதாக இருந்தால் சுமை முழுதும் அதன் மேலேயே விழும்.

அதே சுழற்சியில் ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டால் சக்கரத்தின் கோட்டமும் தெரிந்துவிடும். பழைய பாணி ரோட்ஸ்டரில் முன் சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸ், சுமை தாங்கும் பின் சக்கரத்துக்கு 40. ஒவ்வொன்றையும் விரலால் மீட்டிப் பார்த்தால் ஒரே பக்கத்தில் இருப்பவை கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் செத்த ஒலி தந்தால் அது தளர்ந்திருக்கிறது. கோட்டம் எடுப்பது கைப்பழக்கம் தேவைப்படும் வேலை. ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பக் கூடாது என்று தெரிந்த கடைக்காரரிடம் அதை விட்டுவிடலாம். தளர்ந்த கம்பி எது என்று காட்டுவது மட்டும் ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவதும் கடினமல்ல. மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டதும் சத்தம் நின்றால், குற்றம் பெடல், கிராங்கு, செயின் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில். உருளும்போதும் தொடர்ந்தால் சக்கரத்தில். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை கேட்டால் கோட்டர் பின் அல்லது பெடல் அச்சு. செயின் முழுதும் சுற்றி வரச் சில பெடல் சுற்றுகள் ஆகும் என்பதால், அவ்வளவு இடைவெளி விட்டுக் கேட்கும் சத்தம் செயினின் ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருப்பதைக் காட்டும். எழுந்து நின்று மிதித்தால் நின்றுவிடும் கிரீச்சொலி சீட்டுக்குரியது.

பெடலைக் கழற்றப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசை. வலது பெடலை மிதிப்பவர் தள்ளும் முன்திசையில் திருப்பினால் இறுகும். இடது பெடலும் அப்படியே முன்திசையில்தான் இறுகும். இரண்டுக்கும் ஒரே மரை வைத்தால் ஓட்ட ஓட்ட இடது பெடல் தானாகக் கழன்றுகொள்ளும். விமானம் செய்வதற்கு முன் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், 1900ஆம் ஆண்டு வாக்கில் தங்கள் சைக்கிள்களில் இந்த எதிர்மரை ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். மரை மாற்றி முறுக்கினால் கிராங்கின் துளை நாசமாகிவிடும்.

விளக்கும் அதை எரிக்கும் டைனமோவும் பல வண்டிகளில் காணாமலே போய்விட்டன. டைனமோவின் அருமை தெரிந்த காலம் ஒன்று இருந்தது. பொருளாதாரத் தடை நிலவிய 1990களின் யாழ்ப்பாணத்தில் எரிபொருளும் பேட்டரியும் கிடைக்காதபோது, சைக்கிளே குடாநாட்டின் வாகனமாக இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள் அங்கிருந்த மக்கள். அந்த டைனமோவின் இடத்தில் இன்று பேட்டரி விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதுவும் இல்லாவிட்டால் பின் மட்கார்டில் இருக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானையாவது வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். மாலை டியூஷன் முடிந்து நெடுஞ்சாலை ஓரமாகத் திரும்பும் பிள்ளையை லாரி ஓட்டுநரின் கண்ணுக்குக் காட்டுவது சில சமயம் அது ஒன்றுதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை இந்த எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் சட்டென்று பிடிக்காது. அலுமினிய ரிம்மில் இந்தக் குறை வெகுவாகக் குறைவு. இரும்பு ரிம் வண்டியில் போகிறவர்கள் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பிருந்தே லேசாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். வீடு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டால் மறுநாள் காலை செந்நிறத் துரு இருக்காது. நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் அங்கே மழையில்லாத மாதங்களிலும் இந்தத் துடைப்பு தேவைப்படும். சீட்டுக் கம்பி இறங்கும் குழாய் வழியாக மழைநீர் நடு அச்சு வரை போய்த் தேங்கும். ஹப்பு மூழ்கும் அளவுக்கு வெள்ளத்தில் நின்ற வண்டியை அப்படியே காயவைத்து ஓட்டக் கூடாது. உள்ளிருக்கும் கிரீஸ் தண்ணீர் கலந்து வெளுத்துப் போயிருக்கும். பிரித்துக் கழுவிப் புது கிரீஸ் வைத்தால்தான் குண்டுகள் பிழைக்கும். கழுவும்போதும் பம்பு வைத்துப் பீய்ச்சும் தண்ணீரை ஹப்பு, கழுத்து, நடு அச்சு ஆகிய மூன்று இடங்களிலும் நேராக அடிக்க வேண்டாம்.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை. கைப் பம்பு, டயர் நெம்பும் இரண்டு லீவர், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், நாலைந்து வால்டியூப், பல துளைகள் உள்ள சைக்கிள் ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி, பழந்துணி. புது வகைச் சைக்கிளென்றால் 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீயும் தேவைப்படும். சீட்டுக் கம்பியிலும் ஹேண்டில்பார்க் கம்பியிலும் இதற்கு மேல் உயர்த்தாதே என்று ஒரு கோடு பொறித்திருக்கும். பிள்ளை வளர வளரச் சீட்டை உயர்த்தும்போது அந்தக் கோடு வெளியே தெரிந்துவிடக் கூடாது.

கோட்டம், கோன், நடு அச்சு, கழுத்துக் கிண்ணம் ஆகிய வேலைகளுக்குக் கடைக்கே போகலாம். போகும்போது "ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று வண்டியை விட்டுவிட்டு வருவதைவிட, "பின் சக்கரம் பக்கவாட்டில ஆடுது, மிதிக்காம விட்டாலும் நறநறங்குது" என்று சொன்னால் அவர் நேராக ஹப்பைப் பிரிப்பார். திரும்ப வாங்கும்போது அங்கேயே சரிபார்க்க வேண்டியவை மூன்று. சக்கர நட்டுகள் இரு பக்கமும் இறுகியிருக்கின்றனவா, சக்கரம் பிரேக் கட்டையில் உரசாமல் சுழல்கிறதா, இரண்டு லீவர்களும் ஹேண்டில்பாருக்கு ஒரு விரல் முன்பாகவே நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஏறி மிதிக்கலாம்.